கட்டும் என்றும் கட்டான் என்றும்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பாளையக்காரர் பூலித்தேவரின் தலைமையிடமாக விளங்கிய ஊரின் பெயரைச் சிலர் நெல்கட்டும்செவல் என்றும் வேறு சிலர் நெல்கட்டான்செவல் என்றும் எழுதுகின்றனர். ஆர்க்காட்டு நவாபுக்கும், 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் கப்பம் கட்ட மறுத்தவர் பூலித்தேவர் என்பதால், அதுவரை நெல்லை வரியாகக் ‘கட்டும்’ ஊராக இருந்தது அதன்பின் ‘கட்டான்’ ஊராயிற்று என்பது அங்கு வழங்கும் பெயர்க்காரணம். வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளோடு இந்த ஊரின் கோட்டையும் 1761இல் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப்கானிடம் வீழ்ந்தது. பெயர்க்காரணத்தின் வரலாற்று உண்மை எப்படியிருந்தாலும், ஒரே ஆவணத்தின் இரு வடிவங்களைக் கணினியில் அருகருகே வைத்து ஒப்பிடுவது என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல்லிணையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

தமிழ் இலக்கணத்தின்படி இரு வடிவங்களிலும் ஒன்பது எழுத்துகளே உள்ளன. அவற்றுள் ஏழு ஒன்றுபோலிருக்க, ‘டும்’ என்பது ‘டான்’ என மாறியதில் இரண்டு மட்டுமே வேறுபடுகின்றன. கணினியோ எழுத்தை இலக்கணம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. உலக மொழிகளின் குறிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி என்னும் பொது முறையில் கொம்பும் காலும் புள்ளியும் தத்தமக்கென ஓர் எண்ணைப் பெற்றிருப்பதால், அதன் கணக்கில் ஒவ்வொரு வடிவமும் பதினாறு குறிகளின் வரிசையாகிறது. பதினாறில் பதினான்கு பொது. உகரக் குறியும் மகரமும் போய்க் காலும் னகரமும் வந்துள்ளன. வரி கட்டுகிற ஊருக்கும் கட்டாத ஊருக்கும் இடையே கணினி காணும் தொலைவு இவ்வளவுதான்.

அந்தப் பதினான்கைக் கண்டுபிடிப்பது பார்வைக்குத் தோன்றுவதுபோல் எளிதன்று. இரு வரிசைகளிலும் முன்பின் மாறாமல், ஆனால் இடையிடையே விடுபட்டும், காணப்படும் குறிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டறிவதே ஒப்பீட்டின் உயிர்நாடி. அத்தொடரில் சேராதவற்றுள் பழைய வடிவத்தில் இருப்பவை நீக்கப்பட்டவையாகவும் புதிய வடிவத்தில் இருப்பவை சேர்க்கப்பட்டவையாகவும் கொள்ளப்படும். பதினாறு குறிகளிலிருந்து சிலவற்றை விட்டுச் சிலவற்றை எடுக்கும் வழிகள் 65,536 உள்ளன என்பதால், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முற்பட்டால் ஒரு பத்தியை ஒப்பிடுவதற்குள் கணினியே களைத்துவிடும். ஆகவே ஒரு வடிவத்தை மேலிருந்து கீழாகவும் மற்றதை இடமிருந்து வலமாகவும் எழுதி, 256 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை அமைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை கிடைத்த பொதுத்தொடரின் நீளத்தை முந்தைய கட்டங்களின் விடையைக் கொண்டே நிரப்பிச் செல்லும் உத்தி கையாளப்படுகிறது. கடைசிக் கட்டத்தில் 14 என்ற விடை கிடைக்கும்.

இந்த உத்தியைப் பெரிய கோப்புகளுக்கும் தாங்குமாறு சிக்கனப்படுத்தி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’ என்னும் நிரல், யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஓர் அங்கமாக 1974இல் வெளிவந்தது. அதன் வழிமுறையை அவரும் ஜேம்ஸ் ஹண்ட்டும் 1976இல் ஓர் அறிக்கையாக விளக்கினர். யூஜீன் மயர்ஸ் 1986இல் வெளியிட்ட விரைவான வழிமுறை, மென்பொருள் எழுதுவோர் இன்று நாள்தோறும் பயன்படுத்தும் ‘கிட்’ வரை வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து இரு பதிப்புகளைத் தேர்ந்தால் பழையது இடப்புறமும் புதியது வலப்புறமுமாக விரிவதற்கும் அடித்தளம் இவ்வகைக் கணக்கே.

தமிழில் ஒப்பிடும்போது எழும் சில இடர்ப்பாடுகள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுவதில்லை. அவற்றுள் முதன்மையானது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு எண்களாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதலில் எழுதியவர் ஒரு வகை விசைப்பலகையையும் திருத்தியவர் மற்றொரு வகையையும் பயன்படுத்தியிருந்தால், ஒரு சொல்லும் மாறாத பக்கம்கூட முழுக்கச் சிவப்பாகிப் படிப்பவரை மிரட்டும். இவ்விரு முறைகளும் சமம் என்று ஒருங்குறியே வகுத்திருப்பதால், ஒப்பிடுவதற்கு முன் இரு கோப்புகளையும் ஒரே முறைக்கு மாற்றும் ‘இயல்பாக்கம்’ செய்தால் இச்சிக்கல் தீரும்.

தீராதவையும் உண்டு. ‘ஔவையார்’ என்பதில் உள்ள ஔகாரம் ஓரெழுத்து. அதையே ஒகரமும் ளகரமுமாகத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுவோர் ஏராளம். இவை சமம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தமிழ் எண் ஒன்றும் ககரமும் வடிவில் ஒன்று, குறியீட்டில் வேறு. ‘ஶ்ரீ’ என்பதற்குரிய ஶகரம் 2005இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. அதற்கு முன் ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்ட ‘ஸ்ரீ’யும் இன்றுவரை வழக்கில் இருப்பதால், கோயில் அழைப்பிதழ் ஒன்றின் இரு வடிவங்களை ஒப்பிடுபவர் முதல் வரியிலேயே தடுக்கிவிழக்கூடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்போ, தமிழ்போலத் தோன்றும் வேற்றெழுத்துக் குவியலே. ஒருங்குறிக்கு மாற்றாமல் அதை ஒப்பிடுவது வீண்வேலை.

சொல் எது என்பதும் தமிழில் எளிய கேள்வியன்று. சொல்வாரியாக ஒப்பிடும் மென்பொருள், ‘வாசுதேவநல்லூரிலிருந்து’ என்பது ‘வாசுதேவநல்லூருக்கு’ என மாறியிருந்தால், வேற்றுமையுருபு மட்டும் மாறியதை உணராமல் ஊர்ப்பெயரையே அடித்துவிட்டுப் புதிதாக எழுதியதாகக் காட்டும். ‘செய்துகொண்டார்’ என்பதைப் பிரித்தெழுதினாலும், நெல்கட்டும்செவலைப் புணர்ச்சி விதிப்படி நெற்கட்டும்செவல் என்று திருத்தினாலும் அதே கதைதான். மைக்ரோசாப்ட் வேர்டில் ‘ரிவ்யூ’ பகுதியில் உள்ள ‘கம்பேர்’ வசதி, சொல் அளவில் ஒப்பிடுவதா எழுத்து அளவில் ஒப்பிடுவதா என்று கேட்கிறது. தமிழ் ஆவணத்துக்கு எழுத்தளவே பெரும்பாலும் தெளிவான விடை தருகிறது. பலரும் அந்தக் கேள்வியைக் கவனிக்காமலேயே கடந்துவிடுகின்றனர். இடம் மாற்றப்பட்ட பத்தியை அடையாளம் காண்பதிலும் கருவிகள் தடுமாறி, ஓரிடத்தில் அழித்ததாகவும் வேறோரிடத்தில் சேர்த்ததாகவும் காட்டிவிடுவதுண்டு. அச்சுத்தாளை ஸ்கேன் செய்து உருவாக்கிய பிடிஎஃப் கோப்பில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம் மட்டுமே உள்ளது. எழுத்துணரியைக் கொண்டு அதை உரையாக்கும்போது நேரும் பிழைகளும் திருத்தங்களாகவே எண்ணப்படும்.

இந்த வேறுபாடுகளின் எடையை உணர நிலப் பத்திரம் நல்ல சான்று. வாசுதேவநல்லூர் முன்னர்ச் சங்கரன்கோவில் வட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்திலும் இருந்தது. இப்போது சிவகிரி வட்டத்தில் உள்ளது. 2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கிய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய பத்திரத்தை வைத்து எழுதிய புதிய வரைவைக் கணினியில் ஒப்பிட்டால் வட்டமும் மாவட்டமும் மாறியதைத் திரை உரக்க அறிவிக்கும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே வரைவில் உட்பிரிவு எண்ணில் 2 என்பது 3 ஆகியிருந்தாலோ, நான்கெல்லையில் ‘கிழக்கு’ என்பது ‘மேற்கு’ ஆகியிருந்தாலோ, அதற்கும் அதே நிறம்தான், அதே அடிக்கோடுதான். நிறத்தின் மிகுதியைக் கண்டு திருத்தத்தின் அளவை மதிப்பிடும் பழக்கம் இங்கே ஆபத்தானது. பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள் திரையில் சிவப்பு குறைந்த இடத்தையே கூர்ந்து பார்ப்பார்கள்.

ஒப்புநோக்குதல் தமிழுக்குப் புதிய கலையன்று. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், திருநெல்வேலிக் கவிராயர் வீடுகள்வரை சென்று ஏடு தேடி, கிடைத்த பிரதிகளை வரிவரியாக ஒத்துப்பார்த்தவர். அவர் கையாண்ட ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும், காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. எனவே இரு ஏடுகள் ஒத்திருந்தாலும் அவை ஒரே சொல்லைத்தான் சொல்கின்றன என்று அவரால் கொள்ள முடியவில்லை; எழுதியதைப் பார்ப்பதோடு, எழுத எண்ணியதையும் யாப்பைக் கொண்டும் பொருளைக் கொண்டும் ஊகிக்க வேண்டியிருந்தது. ஒருங்குறியில் ஒரே தோற்றத்துக்கு இரு எண்கள் அமைந்து இன்று தொல்லை தருகின்றன என்றால், ஏட்டில் ஒரே கீற்றுக்கு இரு ஒலிகள் இருந்து அன்று தொல்லை தந்தன.

மூலத்துக்கு ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்ட பின்னும் சாமிநாதையர் மற்றப் பாடங்களைக் கழித்துவிடாமல், ‘பிரதிபேதம்’ என்று அடிக்குறிப்பில் சேர்த்து அச்சிட்டார். ஒப்பீட்டு மென்பொருளோ, திருத்தம் ஒவ்வொன்றின் அருகிலும் ஏற்பதற்கு ஒன்றும் மறுப்பதற்கு ஒன்றுமாக இரண்டே பொத்தான்களை வைத்திருக்கிறது. கட்டும், கட்டான் ஆகிய இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பும் பதிப்பாசிரியர், எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், பக்கத்தின் அடியில் தாமே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.