நல்ல முடிவு வந்த பிறகும்

1996 ஜூலையில் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் அந்தச் செய்தி பரவியது: மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஹெச்.ஐ.வி. கிருமி அடங்கிவிடுகிறது. சாகக் கிடந்தவர்கள் சில மாதங்களில் எழுந்து நடந்தார்கள். ஆனாலும் அமெரிக்காவில் பலர் மகிழ்ச்சியோடு திகைப்பிலும் ஆழ்ந்தார்கள். இனி வாழப்போவதில்லை என்று எண்ணி ஆயுள் காப்புறுதியைக் குறைந்த விலைக்கு விற்றுச் செலவழித்தவர்கள் அவர்கள். நண்பர்களெல்லாம் போய்விட, தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற உறுத்தல் வேறு.

நோயாளியின் மனம் அப்படித்தான். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்திலுள்ள கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அறிக்கையைப் பார்த்ததும் அழுபவர் உண்டு; நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொல்பவர் உண்டு. குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. கிருமி உடலுக்குள் பதுங்கியிருக்கும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தலைதூக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு குழந்தை குணமானதாக 2013இல் அறிவித்தார்கள். 2014இல் கிருமி திரும்பியது. உலகமே ஏமாந்தது.

ஆனால் இன்னொரு செய்தி பொய்க்கவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையமும் பங்கேற்ற ஆய்வு அது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்ததாக 2011இல் தெரிந்தது. கிருமி தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிசெய்தன.

மனைவியிடமிருந்து விலகிப் படுத்தவருக்கு இதைவிடப் பெரிய செய்தி ஏது?

மலேசியாவின் புக்கிட் செந்தோசா போன்ற இடங்களில் இன்னொரு பயம் மிச்சமிருக்கிறது. தோட்டத்து உறவுகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும்போது, கிளினிக்கில் யார் கண்ணில் படுவோமோ என்ற கலக்கம் சோதனை முடிவோடு தீர்வதில்லை. 1930இல் தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைக்கக் குடியிருப்பு எழுந்த அதே சுங்கை பூலோவில்தான் இன்று தொற்றுநோய்களுக்கான பெரிய மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் இலவசம். அதோடு, நோயாளி சம்மதித்தால் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, அந்த அறிக்கை சொல்வதைத் தமிழில் நிதானமாக விளக்கவும் ஆள் வேண்டும்.