பால் விலக்கிய தாவர ஆகாரமும் குடியானவர் நிலமும்

பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் ஆகிய யாவற்றையும் விலக்கி, தானியம், பருப்பு, காய், கீரை, கனி, எண்ணெய் வித்துக்கள் ஆகியவற்றைக் கொண்டே ஜீவிப்பவர் நமது கிராமங்களில் இரு வகையாக இருக்கின்றனர். ஜீவகாருண்யத்தினாலோ, தேக சுகத்தை உத்தேசித்தோ மனமுவந்து விலக்கியவர் ஒரு வகையினர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர் ஒரு சங்கம் அமைத்து இவ்வித ஆகாரக்காரருக்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். அப்பெயர் இப்பொழுது நம் பட்டணங்களிலும் வழங்குகிறது. மாட்டைக் கறந்து, பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டில் சோறும் குழம்புமாகக் காலங் கழிப்பவரும், மாடே இல்லாதவரும் மற்றொரு வகையினர். முன்னவருக்கு இது விரதம். பின்னவருக்கு இது நிலைமை. தேகமோ இவ்வித்தியாசத்தை அறியாது. சத்துக் குறைந்தால் இருவருக்கும் ஒரே வியாதிதான் வரும்.

ஆகையால் இவ்விரு வகையினரும், இவர்களுக்குத் தானியம் விளைவித்துக் கொடுக்கும் நிலச்சுவான்தாரரும், ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியம். பால் விலக்கிய ஆகாரத்தில் குறையக்கூடிய சத்துக்களில் பெரும்பாலானவற்றை நமது நிலத்திலேயே விளைவித்துக் கொள்ளலாம். ஒரே ஒரு சத்தை மட்டும் எந்த நிலத்திலும் விளைவிக்க இயலாது. அதை மருந்துக் கடையில் வாங்கியே தீரவேண்டும்.

குன்னூர் கற்பித்த பாடம்

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் பெரிபெரி வியாதியைப்பற்றி ஆராயத் தொடங்கினார். அதுவே பின்னர் ஆகார ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தற்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பாகங்களில் வழங்கும் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பருப்பு, காய்கறி, பால் ஆகியவை சேர்ந்த வடமேற்குப் பகுதி ஆகாரத்தை உண்ட எலிகள் நன்கு கொழுத்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை ராஜதானி ஆகாரத்தை உண்டவை மெலிந்து நோயுற்றன.

அவருக்குப்பின் அந்நிலையத்தின் தலைவராக வந்த அய்க்ராய்ட் இவ்விஷயத்தை மேலும் ஆராய்ந்தார். அரிசி ஆகாரம் உண்ணும் சிறு பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பை மட்டும் கூடுதலாகக் கொடுத்தபோதே அவர்கள் வளர்ச்சி அபிவிருத்தியடைந்ததைக் கண்டார். பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட ஆந்திரக் கரையோர ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் அவ்வியாதிக்குத் தப்பியதும் அக்காலத்தில் விளங்கியது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியுள்ள பி-1 என்னும் ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

இவற்றால் விளங்குவது யாதெனில், நம் ஆகாரத்தின் பெருங்குறை பாலின்மை ஒன்று மாத்திரமல்ல. அரிசி ஒன்றையே நம்பியிருப்பதும் ஆகும். பாலையும் விலக்கிவிட்டு அரிசியையும் தீட்டி உண்பவர் இரு பக்கமும் இழக்கிறார்.

தானியமும் பருப்பும்

தசையை வளர்க்கும் புரதம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராமும் வேண்டும். அரிசியில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கே புரதம் உண்டு. உளுந்து, பாசிப்பயறு, துவரை, கொள்ளு முதலியவற்றில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும், நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 25 பங்கும் உண்டு. அளவைப்போலவே தரமும் கவனிக்கத்தக்கது. தானியப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இட்டிலி, பொங்கல், பருப்புச் சாதம் ஆகிய நம் முன்னோர் வழக்கங்களில் இச்சேர்க்கை இயல்பாகவே அமைந்துள்ளது. பருப்பைக் குறைத்துக் குழம்பைப் பெருக்குவதே தற்காலத் தீங்கு.

சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும்

பாலை விலக்குபவர் முதலில் இழப்பது எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 10 மில்லிகிராமே கிடைக்கும். அதே நிறை கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. எள்ளிலோ 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் இச்சத்து மிகுந்தவை. ஆயினும் கீரைகளிலும் எள்ளின் தோலிலும் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் இச்சத்தில் ஒரு பகுதியைத் தேகத்தில் சேரவொட்டாமல் தடுக்கும். ஆதலால் ஒன்றையே நம்பாமல் கேழ்வரகு, எள், கீரை மூன்றையும் மாற்றி மாற்றி உபயோகிப்பது நன்று.

இரத்த சோகை நம் பெண்மக்களிடத்து மிகவும் பரவியுள்ளது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. இதற்கு இரும்புச் சத்துக் குறைவு ஒரு முக்கிய காரணம். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராமும், பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் வேண்டும். கம்பில் 100 கிராமுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரை உண்டு. கொள்ளு, பயறு வகைகளிலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும்.

தாவரப் பொருள்களிலுள்ள இரும்பு எளிதில் தேகத்தில் சேராது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் அதைப் பற்றிக்கொள்ளும். ஊறவைத்தல், முளை கட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகிய வேலைகளால் அவ்வமிலம் குறையும். உணவோடு எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் இரும்பு அதிகமாக உட்கொள்ளப்படும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடிப்பது அதைக் கெடுக்கும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும்.

கண்ணுக்கு வேண்டிய ஏ ஜீவசத்துக்காகக் கீரை, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றைச் சிறிது எண்ணெயுள்ள உணவோடு உண்ணலாம். அயோடின் சேர்த்த உப்பையே வீட்டில் வழங்கவேண்டும். டி ஜீவசத்துக்கு வெயில் பட உழைப்பது உதவும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோரும் பெண்டிரும் இதைக் கவனிக்கவேண்டும்.

வயலில் விளையாத சத்து

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கூறுவோம். காந்தியடிகள் 1912-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். 1918-ல் கடும் நோய்வாய்ப்பட்டு, அதன்பின் ஆட்டுப்பால் கொள்ள நேர்ந்தது. பாலுக்கு ஈடான தாவரப் பொருளை அவர் நெடுநாள் தேடினார். அவருடைய நோய்க்குக் காரணம் வேறாயினும், பால் விலக்கியவருக்கு இன்றியமையாத ஒரு சத்து அக்காலத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் மறைந்த 1948-ஆம் ஆண்டிலேதான் பி-12 என்னும் அந்த ஜீவசத்தை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரசாயன நிபுணர்கள் தனியே பிரித்தெடுத்தனர்.

இதை உண்டாக்குபவை நுண்ணுயிர்களே, செடிகொடிகள் உண்டாக்குவதில்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இதைச் செய்வதால் பாலில் இது கிடைக்கிறது. கீரையிலோ, பருப்பிலோ, தானியத்திலோ நம்பத்தக்க அளவில் இல்லை. பழைய சோறு, புளித்த மாவு, சுருள்பாசி ஆகியவற்றால் இக்குறை நீங்கும் என்று சிலர் சொல்வதை நம்பலாகாது. சுருள்பாசியில் காணப்படுவது பெரும்பாலும் தேகத்துக்கு உதவாத போலிச் சத்தே.

தேவையோ நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மைக்ரோகிராம் என்னும் அற்ப அளவு. ஈரலில் இதன் சேமிப்பு இருப்பதால், ஆகாரத்தில் அது நின்றுபோனாலும் சில வருஷங்கள் வரை கெடுதி வெளிப்படாமலிருக்கும். 'மூன்று வருஷமாகப் பால் தொடவில்லை, ஒன்றும் ஆகவில்லையே' என்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும். சேமிப்புத் தீர்ந்தபின் களைப்பு, சோகை, கை கால்களில் மதமதப்பு, நடை தள்ளாடுதல், ஞாபக மறதி ஆகியவை தோன்றும். கீரை மிகுதியாக உண்பவருக்கு அதிலுள்ள ஃபோலிக் அமிலம் சோகையை மறைத்துவிடக்கூடும். நரம்புக் கெடுதியோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். நாட்பட்ட நரம்புக் கெடுதி முற்றும் குணமாவது நிச்சயமில்லை.

இக்குறையுள்ள தாயின் பாலை மட்டுமே உண்ணும் சிசுவுக்கு நேரும் அபாயம் இன்னும் பெரிது. குழந்தை சோர்ந்து, கழுத்து நில்லாமல், கற்ற செயல்களை மறந்து, நடுக்கமும் காணக்கூடும். தாய் பார்வைக்குத் திடமாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

பரிகாரமோ எளிது. இச்சத்து மாத்திரையாகக் கிடைக்கிறது. நுண்ணுயிர்களை வளர்த்தே அதைச் செய்வதால் ஜீவகாருண்ய விரதத்துக்கும் பங்கமில்லை. தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் கொள்ளும்படி இங்கிலாந்திலுள்ள வீகன் சங்கத்தார் தம் அங்கத்தினர்களுக்குக் கூறுகின்றனர். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும், முன்னமே குறி கண்டவர்களும் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அளவை அறிந்துகொள்க.

ஒரு நாளைய ஆகாரம்

வயது வந்த ஒருவருக்கு, சமைப்பதற்குமுன் நிறுத்த அளவுகள் வருமாறு:

புழுங்கலரிசி அல்லது கைக்குத்தல் அரிசி – 200 கிராம்
கேழ்வரகு – 100 கிராம்
கம்பு அல்லது சோளம் – 100 கிராம்
பருப்பும் முழுப் பயறுகளும் – 80 கிராம்
நிலக்கடலைப் பருப்பு – 30 கிராம்
எள் – 15 கிராம்
கீரை – 100 கிராம்
மற்றக் காய்கள் – 200 கிராம்
எண்ணெய் – 30 கிராம்
நெல்லிக்காய், கொய்யா முதலிய ஒரு கனி, சிறிது வெல்லம்

இதில் புரதம் 60 கிராமுக்குக் குறையாது. முருங்கை அல்லது அகத்திக்கீரை சேர்ந்த நாளில் சுண்ணாம்புச் சத்தும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராமை எட்டும். உழவு, நடவு, அறுப்புக் காலங்களில் கடின உழைப்பாளிக்குத் தானியமும் கடலையும் கூட்டவேண்டும். சிறு குழந்தையின் வயிறு சிறிது. தாவர ஆகாரமோ பருமன் மிகுந்தது. ஆகவே முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, பயற்றங்கஞ்சி, கடலை உருண்டை, எள்ளுருண்டை ஆகியவற்றைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வைத்தியர் யோசனையின்றிக் குழந்தைக்குப் பாலை நிறுத்துவது கூடாது.

நிலத்தில் செய்யவேண்டிய ஏற்பாடு

மேற்கண்ட கணக்கின்படி, ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்குப் பருப்பும் பயறும் 146 கிலோவும், கேழ்வரகு 182 கிலோவும், எள் 27 கிலோவும் போதும். நன்செய் உள்ளவர் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, வயலில் மெழுகுபோன்ற ஈரப்பதம் இருக்கும்போது உளுந்தையோ பாசிப்பயற்றையோ விதைத்துவிட்டால், ஓர் ஏக்கர் நெல் தரிசிலேயே குடும்பத்துக்கு வேண்டிய பயறு நல்ல பருவத்தில் கிடைத்துவிடும். அதன் வேர் முண்டுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால் அடுத்த போகத்துக்கும் லாபமே. வரப்போரங்களில் துவரை ஊன்றலாம். புன்செயில் கேழ்வரகோடு மொச்சையையும், நிலக்கடலையோடு துவரையையும் கலந்து விதைப்பது பழைய வழக்கம், அதைக் கைவிடவேண்டாம். கேழ்வரகுக்கு இறவையில் இருபது சென்டு ஒதுக்கினால் போதும்.

வீட்டுக்கொல்லையில் இரண்டு முருங்கை, ஒரு நெல்லி, ஒரு பப்பாளி, ஒரு எலுமிச்சை இருக்கட்டும். வெற்றிலைக் கொடிக்கால் உள்ளவர் அகத்திக்கீரைக்கு எங்கும் போகவேண்டியதில்லை. அதில் ஒரு பங்கைக் கூலியாட்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம்.

நியாயவிலைக் கடையில் 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. பசியை அது தீர்க்கிறது. ஆயினும் அவ்வரிசியோடு சேரவேண்டிய கேழ்வரகும் பயறும் கீரையும் ஊரில் விளைந்தால்தான் அது நிறைந்த ஆகாரமாகும். எல்லாப் புன்செயையும் சந்தைப் பயிருக்கே விட்டுவிடும் ஊரில், பணம் உள்ளவர் வாங்கி உண்பார். இல்லாதவர் வெறுஞ்சோறே உண்பார். என்ன விதைப்பது என்று தீர்மானிக்கும் நிலச்சுவான்தாரர், தம் வீட்டு இலையை மட்டுமன்றி ஊராரின் இலையையும் தீர்மானிக்கிறார்.

கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கலில் பயிர்களைப் பதியும்போதே, தம் கிராமத்தில் சிறுதானியமும் பயறும் எவ்வளவு நிலத்தில் நிற்கின்றன என்பதைக் கவனித்து, குறைந்துவருமானால் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். விதைகளுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை நாடலாம். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, பாலும் மாமிசமும் கொள்ளாதவர் என்பதை அங்கு தவறாமல் சொல்லச் செய்வதும் அவசியம். அச்சொல்லைக் கேட்டால்தான் வைத்தியர் பி-12 சத்தைப்பற்றி நினைப்பார். நிலத்தால் ஆவதை நிலத்திலும், மாத்திரையால் ஆவதை மாத்திரையிலும் தேடிக்கொள்பவர், பால் இன்றியும் திடகாத்திரமாக வாழலாம்.