சேப்பாக்கம் அரண்மனை

மாங்காட்டிலிருந்து போரூரை அடைந்து, ஆற்காட்டுச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்று, நகரையும் கடந்தால் மெரீனாக் கடற்கரை தோன்றும். அச்சாலைக்குப் பெயர் தந்த ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த நவாபுகளின் மாளிகை, அக்கடற்கரையை அடுத்துச் சேப்பாக்கத்தில் இன்றும் நிற்கின்றது.

இதனை 1768ஆம் ஆண்டில் எழுப்பியவர் நவாபு முகம்மது அலி வாலாஜா ஆவார். ஆங்கிலக் கம்பெனியின் படைத்துணையால் அரியணையை நிலைப்படுத்திக்கொண்ட அவர், புனித ஜார்ஜ் கோட்டையின் காவலுக்கு அருகிலேயே வாழ விரும்பினார். கலச மகால், உமாயூன் மகால் என்னும் இரு பெரும் பகுதிகளை உடையது இவ்வரண்மனை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த இதன் வளைவுகளும் குவிமாடங்களும் காண்போர் கண்ணைக் கவர்வன. அந்நாளில் கடல் இதற்கு அணித்தாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் அமைந்தபின், அதன் தெற்கே மணல் திரண்டு கடல் விலகிற்று.

இத்துணை எழிலுக்கும் பின்னால் பெருங்கடன் மறைந்திருந்தது. போர்ச் செலவும் ஆடம்பரச் செலவும் நவாபை வட்டிக்கு வாங்கச் செய்தன. இம்மாளிகையைக் கட்டியவர் எனக் கூறப்பெறும் பால் பென்பீல்டு என்னும் ஆங்கிலேயரே, அவருக்குக் கடன் கொடுத்தோருள் முதன்மையானவர். கடனுக்கு ஈடாகப் பல சீமைகளின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆகவே, அரண்மனையைக் கண்ணாலும் காணாத உழவர் அதன் சுமையைத் தாங்கினர். இக்கொடுமையை 1785ஆம் ஆண்டில் எட்மண்டு பர்க்கு என்னும் அறிஞர் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் வன்மையாகக் கண்டித்துரைத்தார்.

1801ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. நவாபுக்குப் பட்டமே எஞ்சியது. 1855ஆம் ஆண்டில் குலாம் முகம்மது கௌசுகான் மகப்பேறின்றி மறையவே, அப்பட்டமும் ஒழிந்தது. அரண்மனை அரசாங்கத்தின் உடைமையாயிற்று. பின்னர் இரு பகுதிகளுக்கும் இடையே உயர்ந்த கோபுரம் ஒன்று எழுந்தது. அரசு அலுவலகங்களும் இங்கு இயங்கின.

2012ஆம் ஆண்டு சனவரியில் கலச மகாலைத் தீ அழித்தது; தீயணைப்புப் பணியில் ஈடுபட்ட அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். பொதுப்பணித்துறை அதனைப் பழைய வடிவிலேயே புதுப்பித்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகின்றது. ஆறும் ஏரியும் கெடுவது குறித்து மக்கள் முறையிடும் மன்றம் அது.

கடனால் எழுந்த மாடம் கட்டியவர் குலத்திற்கு நிலைக்கவில்லை. வரி செலுத்திய மக்களுக்கே பொதுவுடைமை ஆயிற்று. அதனைக் காணச் செல்லும்போது குவிமாடத்தின் அழகை வியந்து நோக்குங்கள். அதற்கு விலை கொடுத்த உழவரையும் எண்ணிப் பாருங்கள்.