உங்களுக்குத் தெரியுமா? பிஸ்கட்டைவிடத் தடவல் பெரிது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நடை போகும் பலர், பிஸ்கட் போட்டால் தெருநாய் பழகிவிடும் என்று நினைக்கிறார்கள். கொல்கத்தாவின் ஐசர் (IISER) அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற மனிதர்மேல் நம்பிக்கையை வளர்த்தது கூடுதல் தீனி அல்ல. திரும்பத் திரும்பக் கிடைத்த அன்பான தடவல்தான்.

அதற்கு முதலில் பொறுமை வேண்டும். கண்ணுக்குக் கண் முறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நாயே வந்து முகரட்டும். தலைக்கு மேலே கையை நீட்டினால் மிரளும், மார்பருகே மெல்லத் தடவுங்கள். முகத்தைத் திருப்பினாலோ, உடல் விறைத்தாலோ உடனே கையை எடுத்துவிடுங்கள். வற்புறுத்தவே வேண்டாம்.

பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.