கடலடி மாந்தரும் கடலாதெனிய மகரமும்



'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டில் கடலுக்கடியில் ஒரு ராச்சியம் உண்டு. அதன் குடிகள், மனித உருவமும் மீன் செதிலும் கொண்ட சாஹுவாகின்கள். 1975இல் அறிமுகமான இவர்களுக்கு மன்னன் உண்டு, அவனுக்குக் கீழே சிற்றரசர்கள் உண்டு. கும்பிடுவது செக்கோலா என்ற சுறாத் தெய்வத்தை. வேட்டைக்குத் துணையும் சுறாக்கள்தான். இரவில் கரையேறிக் கடலோர ஊர்களைச் சூறையாடுவதே இவர்கள் தொழில்.

இப்படிப்பட்ட கலப்பு உருவங்கள் நமக்கும் புதிதல்ல. இலங்கையில் கெலிஓயாவுக்கு அருகே, தவுலகலப் பக்கமாகப் போனால் கடலாதெனிய விகாரை. 1344இல் தென்னிந்தியப் பாணியில் இதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி. உள்ளே புத்தர் சிலைக்கு மேல் மகர தோரணம். யானைத் துதிக்கை, முதலைத் தாடை, மீன் உடல் எல்லாம் சேர்ந்ததுதான் மகரம். கடல் தெய்வமான வருணனுக்கு வாகனமும் அதுவே.

பாதி மனிதர், பாதி மீன் என்ற கதை வேண்டுமா? தாய்லாந்தின் இராமாயணமான 'ராமகியன்' சொல்கிறது: இராவணன் மகள் சுவண்ணமச்சா ஒரு மீன் இளவரசி. இலங்கைக்குப் பாலம் போட அனுமன் கொட்டிய கற்களை அவளுடைய மீன் படை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. தடுக்க வந்த அனுமன் மீதே அவளுக்குக் காதல். பிறந்த மகன் மச்சானுவுக்குக் குரங்கு உடல், மீன் வால்.

இன்றும் தாய்லாந்துக் கடைகளில் சுவண்ணமச்சா படத்தை மாட்டுகிறார்கள், வியாபாரம் செழிக்க!