பிங்க் ஃப்ளாய்ட் யாருடைய குழு?

ராக் இசை கேட்கிற இங்கிலாந்துக்காரர்கள் மூன்று பேரிடம் பிங்க் ஃப்ளாய்ட் என்று சொல்லிப் பாருங்கள். உடனே கட்சி பிரிந்துவிடும். ஸிட் பாரெட் இருந்த ஆரம்ப நாட்களோடு உண்மையான குழு முடிந்துவிட்டது என்பார் ஒருவர். ராஜர் வாட்டர்ஸின் வரிகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் சுகமான சத்தம் என்பார் இன்னொருவர். மூன்றாமவருக்கு டேவிட் கில்மோரின் கித்தாரும் குரலும்தான் எல்லாம். பல வருடங்களாக இந்தச் சண்டையைக் கேட்டு வருகிறேன். ஒரு படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி இதற்குள் இருப்பதால், ராக் இசையில் ஆர்வமில்லாத இலக்கிய வாசகர்களுக்கும் இது சுவையான வழக்குதான்.

முதலில் கதைச் சுருக்கம். 1965ல் லண்டனில் தொடங்கிய குழு. வாட்டர்ஸ், டிரம்ஸ் வாசித்த நிக் மேஸன், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் மூவரும் கட்டடக்கலை மாணவர்கள். பாரெட் ஓவிய மாணவர். பெயர் வைத்தது பாரெட். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் முதற்பெயர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆக, பிற்பாடு நீதிமன்றம் வரை போன அந்தப் பெயரே இரவல் பெயர்தான்!

1967ல் முதல் இசைத்தட்டு. அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை பாரெட் எழுதியவை. ஆனால் அவர் மனநிலை குலைந்தது. போதை மருந்தும் சேர்ந்துகொண்டது. 1968ல் விலக, அவர் இடத்துக்குக் கில்மோர் வந்தார். 1973ல் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1988க்குள் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. 1985ல் வாட்டர்ஸ் வெளியேறினார். தான் இல்லாமல் அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 1986ல் வழக்குப் போட்டார். 1987ல் சமரசம்: பெயர் கில்மோருக்கும் மேஸனுக்கும், 'தி வால்' படைப்பின் உரிமை வாட்டர்ஸுக்கும். வழக்குப் போட்டது தவறு என்று 2013ல் வாட்டர்ஸே ஒப்புக்கொண்டார்.

மூன்று கட்சிகளிடமும் நியாயம் இருக்கிறது. பாரெட்டின் பாடல்களில் உள்ள குழந்தைத்தனமான வினோதம் பிறகு திரும்பவே இல்லை. பணம், போர், பைத்தியம், மரணம் போன்றவற்றை ராக் இசைக்குள் கொண்டுவந்ததில் வாட்டர்ஸின் பங்கு பெரியது. கில்மோரின் கித்தார் ஒரே சுரத்தை நிறுத்தி வைத்தே மனதைப் பிசையும். ஆனால் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) இசைத்தட்டைக் கேட்கும்போது எனக்கு மூன்று கட்சியிலும் சேரத் தோன்றவில்லை.

அதில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' என்று ஒன்பது பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு இருக்கிறது. அதன் கரு, குழுவைவிட்டுப் போன பாரெட். வரிகள் வாட்டர்ஸ். படைப்பைத் தாங்கி நிற்கும் நான்கு சுரங்கள் கில்மோருடையவை. கடைசிப் பகுதி ரைட் தனியாக அமைத்தது. அது அடங்கும் தருவாயில், பாரெட் 1967ல் எழுதிய 'ஸீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகிறார். வரி கிடையாது, குரல் கிடையாது. பழைய நண்பனுக்கு அதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை. இந்த இசைத்தட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான், 1975 ஜூனில் பாரெட் எதிர்பாராமல் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடல் பருத்திருந்த அவரை நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

ரைட்டுக்கென்று கட்சி எதுவும் நான் பார்த்ததில்லை. 'தி வால்' பதிவின்போது அவரை வெளியேற்றினார்கள். அந்தக் கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். கச்சேரிகள் நஷ்டமாகவே, நஷ்டத்தில் பங்கில்லாத அவர் ஒருவர்தான் காசு பார்த்தார் என்பது வேடிக்கை. 1973 இசைத்தட்டில் வரிகளே இல்லாமல் பாடிய கிளேர் டோரியின் கதை இன்னும் மோசம். அப்போது கிடைத்தது 30 பவுண்டு. 2004ல் வழக்குப் போட்டு, 2005ல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் இணை ஆசிரியராக அவர் பெயரைப் போட்டார்கள்.

பிரிந்த பிறகு இரு தரப்பும் நல்ல பாடல்களைத் தந்தார்கள். வாட்டர்ஸிடம் சொல்ல விஷயம் இருந்தது, இசை வற்றிப்போனது. கில்மோரிடம் இசை இருந்தது, சொல்ல விஷயம் குறைந்தது. இது என் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2005ல் லண்டன் ஹைட் பார்க்கில் நால்வரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். பாரெட் 2006லும் ரைட் 2008லும் காலமானார்கள். ரைட் இல்லாமல் குழுவைத் திரும்பக் கூட்டுவது சரியாகாது என்றார் கில்மோர். 2024ல் பதிவுகளின் உரிமையையும் பெயரையும் சோனி வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று செய்தி வந்தது.

இதுவரை கேட்காதவர்கள் 1975 இசைத்தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கடைசி நிமிடத்தில் மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரைட் தொட்டுவிட்டுப் போகும் அந்த மெட்டு மிக மெல்லியது.