சிலைக்குப் பேர் உண்டு, உளிக்குப் பேர் இல்லை! மாமல்லபுரம் கரையோரக் கொல்லுப்பட்டறைகளின் கதை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து மாமல்லபுரத்துக்குள் திரும்பினால், கடல் கண்ணில் படும் முன்பே உளிச் சத்தம் காதில் விழுந்துவிடும். சாலையோரம் வரிசையாகச் சிற்பக்கூடங்கள். பிள்ளையார், நந்தி, புத்தர், யானை என்று பாதி முடிந்தும் முடியாமலும் சிலைகள். செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோம். சிற்பியின் கைத்திறனை மெச்சுகிறோம். அந்தக் கையில் இருக்கும் உளியை யார் செய்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லவர்களின் குகைகளும் ரதங்களும் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. சிற்பம் கற்றுத்தர 1957-ல் தொடங்கிய அரசுப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாகப் பட்டம் வழங்குகிறது. ஆனால் உளி அடிக்க எந்தப் பட்டமும் இல்லை. அந்தப் படிப்பு, வீட்டை ஒட்டித் தகரமோ ஓலையோ வேய்ந்த சின்னக் கொட்டகையில்தான் நடந்தது. பாடப்புத்தகம் நெருப்பின் நிறம். வாத்தியார் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோதான்.

அந்தக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன.

கல்லைவிட மெலிந்த இரும்பு

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம், நன்றாகப் பதம் ஏற்றிய எஃகைவிடவும் கடினமானது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. நல்ல அரத்தின் எஃகுக்கே ஏறக்குறைய 6.5தான். அப்படியென்றால் உளி எப்படிக் கல்லைச் செதுக்குகிறது?

கத்தி காயை அறுப்பதுபோல உளி கல்லை அறுப்பதில்லை. சுத்தியல் அடியின் மொத்த வேகத்தையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறக்கி, அந்த இடத்தை நொறுக்குகிறது. நொறுங்கிய துகள் தெறித்துப் போகிறது. அடுத்த அடி, அடுத்த துகள். மாமல்லபுரத்தில் முடிக்கப்படாமல் நிற்கும் பல்லவர் வேலைகளைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோட்டில் பள்ளம் வெட்டி, நடுவில் எழும்பி நிற்கும் சதுரத்தைத் தட்டி எடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு அடியிலும் கல் நொறுங்கும்போது உளியும் கொஞ்சம் தேய்கிறது. அதனால் எஃகு உளிகளை ஒரே நாளில் பலமுறை கூர் தீட்ட வேண்டியிருக்கும். சிற்பி பத்து உளி வைத்திருந்தால் சில வேலையில் இருக்கும், மீதி உலைக்குப் போயிருக்கும். சிற்பக்கூடத்துக்குப் பக்கத்திலேயே கொல்லரும் இருந்தாக வேண்டிய காரணம் இதுதான்.

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுந்த கோயில் அது என்று பெருமைப்படுகிறது. கட்டுமானத்தில் உலோகம் இல்லை என்பது சரி. ஆனால் அதைக் குடைந்தது இரும்பு உளி. உளி தீட்டியவரின் பெயர் அன்றும் கல்லில் ஏறவில்லை.

நெருப்பைப் படிக்கும் கண்

கொல்லுப்பட்டறையில் பொருட்கள் அதிகம் இருக்காது. கரி எரியும் உலை. காற்று ஊத ஒரு காலத்தில் தோல் துருத்தி, பிறகு கையால் சுற்றும் சக்கரம், இப்போது மின்விசை ஊதி. ஒரு பட்டடைக்கல், சுத்தியல், சம்மட்டி, குறடு, தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்.

எஃகுக் கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துத் தட்டி முனை எடுப்பது முதல் வேலை. இதைப் பழகினால் பலரும் செய்துவிடலாம். தொழிலின் உயிர் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் தோய்ச்சல்.

முனையை மறுபடி செந்நிறம் வரக் காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார்கள். 'சுர்ர்' என்ற ஒரு சத்தத்தில் எஃகு கண்ணாடிபோலக் கடினமாகிவிடும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். அப்படியே கல்லில் வைத்து அடித்தால் முனை தெறித்துக் கண்ணைப் பதம் பார்த்துவிடும். அதனால் உடனே வெளியே எடுத்து, நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உளியின் மேல்பகுதியில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி இறங்கும். அப்போது பளபளப்பான இடத்தில் நிறங்கள் நகரும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம்.

வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ், நீலம் 300 டிகிரி. இடையில் இருப்பது சில நொடிகள்தான். கத்தி என்றால் வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம், கூர் நிற்கும். அடி வாங்கும் உளி என்றால் ஊதா, நீலம் பக்கம் போக விட வேண்டும். வேண்டிய நிறம் நுனிக்கு வந்ததும் முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் பதம் நின்றுவிடும். முந்தினால் முனை உடையும், பிந்தினால் வளையும். வெப்பமானி இல்லாமல், அரை இருட்டுக் கொட்டகையில், கண்ணால் மட்டும் இதைச் செய்தார்கள். பட்டறைகளில் வெளிச்சம் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெயிலில் செந்நிறம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரே உலை, ஊருக்கே கருவி

இதுபோன்ற உலைகள் உளிக்கு மட்டும் எரியவில்லை. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் அறுக்கக் கதிர் அரிவாள், சமையலறைக்கு அரிவாள்மனை, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மீன் அறுக்கும் பெண்களுக்குக் கத்தி, பனையேறிக்குப் பாளை சீவும் அரிவாள் என எல்லாம் கொல்லர் கையிலிருந்து வந்தவை. வாங்குபவரின் கை அளவு, எடை, இடதுகையா வலதுகையா என்பதுவரை பார்த்துச் செய்து தர முடிந்தது.

இதற்கெல்லாம் எஃகு எங்கிருந்து வருகிறது? பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை, தமிழ்நாடு முழுக்கக் கத்தி செய்பவர்களுக்குப் பிடித்த பொருள். சாதாரணக் கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு என்பதால் எவ்வளவு தோய்த்தாலும் நல்ல கூர் நிற்காது. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய அரை சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் கத்திக்கும் தகரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

வெட்டும் கருவிக்கும் இந்த மாவட்டத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் அடையாளம் கண்டது பல்லாவரத்தில். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கைக்கோடரியை எடுத்தார். மதுராந்தகம் அருகே சானூரில் 1950-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில், பெருங்கற்காலக் கல்லறைகளிலிருந்து இரும்புக் கருவிகள் கிடைத்தன. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தை 5,300 ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோனது. அந்தக் காலக்கணிப்பை அறிஞர்கள் இன்னும் விவாதித்துவருகிறார்கள்.

தென்னிந்தியாவின் 'உருக்கு', 'வூட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவை வியக்க வைத்தது. அதன் ரகசியத்தைத் தேடி 1820-ல் ஆய்வுக் கட்டுரை எழுதிய இருவரில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. இன்னொருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டனில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்றவர். நம் ஊர் எஃகின் அருமை அறிவியலாளருக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு கத்திக்காரருக்குத் தெரிந்திருந்தது.

உலை ஏன் அணைகிறது?

காரணம் ஒன்றல்ல. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளிகள் வந்துவிட்டன. கார்பைடு குவார்ட்ஸைவிடக் கடினமானது, நாள்கணக்கில் கூர் நிற்கும். மழுங்கினால் சாணைச் சக்கரத்தில் தீட்டினால் போதும், உலை வேண்டாம். கையில் பிடிக்கும் கிரைண்டர் இயந்திரம் உளி வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. சிற்பிக்கு நேரம் மிச்சம், ஆனால் கிரைண்டர் கிளப்பும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் நோய் வரும். அதற்கு முழுக் குணம் இல்லை. முகத்தில் கட்டிய துண்டு அந்தத் தூசைத் தடுக்காது. தண்ணீர் விட்டு வெட்டுவதும் சரியான முகக்கவசமும்தான் காப்பு.

வயலில் அறுவடை இயந்திரம், சமையலறையில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி. அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்குவது மேடைச் சமையலறையோடு போயிற்று. கரி விலை ஏறுகிறது. நெருங்கிவிட்ட குடியிருப்புகளுக்கு நடுவே புகையும் சம்மட்டிச் சத்தமும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு.

இன்னொன்று சந்தேகப் பார்வை. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைக் குறிவைத்துத் தேடுதல் நடத்தியது. அப்போது அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகளிடம், வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்காக என்பதையெல்லாம் குறித்துவைக்கச் சொன்னார்கள். குற்றத்தைத் தடுக்க அது தேவைதான். சட்டமும் விவசாயத்துக்கும் வீட்டுக்குமான கத்தியை ஆயுதமாகப் பார்க்கவில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கான கட்டுப்பாட்டில், வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் படித்த பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரத் தயங்க இது ஒன்றே போதும்.

வெளியூரில் என்ன நடக்கிறது?

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் கத்திக்குப் பேர்போனது. அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கம் தேர்வு வைத்துத் தகுதி தருகிறது. ஒரே கத்தி, தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், மரக்கட்டையை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் முடியை மழிக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. வீட்டுக் கொட்டகையில் வார இறுதியில் கத்தி அடிக்கும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் அங்கே ஏராளம். யாருக்குப் பிறந்தவர் என்று எவரும் கேட்பதில்லை.

நமக்கும் அதுவே வழியாக இருக்கலாம். ஒரே குடும்பத்துக்குள் பூட்டி வைத்த தொழில், அந்தக் குடும்பத்துப் பிள்ளை வேறு வேலைக்குப் போன நாளில் முடிந்துவிடுகிறது. பிள்ளை போவதில் தவறில்லை. விருப்பமுள்ள வேறொருவர் வந்து கற்க இடம் இல்லாததுதான் குறை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லரும் கருவி செய்பவரும் உண்டு. குலத்தொழிலை வலியுறுத்துவதாகச் சொல்லித் தமிழக அரசு அதை ஏற்கவில்லை. மாற்றாக 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 ரூபாய் வரை மானியமும் தருவதாக அறிவித்தது. இப்போதைய விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக் கத்திக்கு நாலு வார்த்தை

* பட்டறையில் கத்தி வாங்கும்போது, என்ன எஃகு என்று கேளுங்கள். மழுங்கினால் தீட்டித் தருவீர்களா என்றும் கேளுங்கள்.

* கார்பன் எஃகுக் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். கடற்காற்று வீசும் ஊர்களில் இது கட்டாயம்.

* புளி, எலுமிச்சை பட்டால் கறுக்கும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். செந்நிறம் தெரிந்தால்தான் துரு.

* சாணை பிடிக்கும்போது முனை நீலமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

* ஆர்வத்தில் வீட்டிலேயே இரும்பு காய்ச்சிப் பார்ப்பவர்களுக்கு: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை உலையில் வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள். கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், சிலை விலை கேட்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'இந்த உளியைத் தீட்டுபவர் யார், எங்கே இருக்கிறார்?' கூப்பிடு தூரத்தில் பட்டறை இருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு தேங்காய்க் கத்தி செய்யச் சொல்லுங்கள். உலை எரிய கரி மட்டும் போதாது, வேலையும் வேண்டும்.